சோலார் பேனலின் பின்புறச் சூட்டை அளந்து செல்லின் வெப்பநிலையைக் கணக்கிடுவது எப்படி

சோலார் பேனலில் மின்சாரம் உண்டாவது செல்லில். அந்த செல்லோ முன்னால் கண்ணாடிக்கும் பின்னால் பிளாஸ்டிக் தாளான பேக்‌ஷீட்டுக்கும் நடுவே, இவிஏ என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் படலத்துக்குள் புதைந்து கிடக்கிறது. சென்சாரை அதன் மேல் நேராக வைக்க வழியில்லை. நம் கைக்கு எட்டுவது வெளிப்பரப்பு மட்டும்தான். வெளிப்பரப்பில் கிடைக்கும் எண்ணிலிருந்து உள்ளே இருக்கும் செல்லின் வெப்பநிலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இடையில் உள்ள வித்தியாசம் பெரிதல்ல. நல்ல வெயிலில் 1 முதல் 3 டிகிரி வரைதான். ஆனால் பெர்க் என்ற செல் வகைப் பேனலில் செல் ஒரு டிகிரி ஏறினால் திறன் சுமார் 0.35 சதவீதம் குறையும், டாப்கான் என்ற இன்னொரு செல் வகையில் 0.3 சதவீதம். 3 டிகிரியை விட்டுவிட்டால் கணக்கில் 1 சதவீதம் பிசகும். பேனல் ஆண்டுக்கு அரை சதவீதம் தேய்கிறதா, முக்கால் சதவீதம் தேய்கிறதா என்று பார்க்கும் இடத்தில் அந்த 1 சதவீதம் முடிவையே மாற்றிவிடும்.

அடிப்படைச் சூத்திரம்

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் 2004-இல் வெளியிட்ட மாதிரியிலிருந்து வந்தது இது:

செல் வெப்பநிலை = பின்புற வெப்பநிலை + (பேனல் தளத்தில் விழும் கதிர்வீச்சு ÷ 1000) × வித்தியாசம்

கதிர்வீச்சு வாட்/ச.மீ. அளவில். 'வித்தியாசம்' என்பது 1000 வாட்/ச.மீ. வெயிலில் செல்லுக்கும் பின்பரப்புக்கும் உள்ள இடைவெளி. அது பேனலைப் பொருத்திய விதத்தைப் பொறுத்தது. சாண்டியா தந்த எண்கள்:

திறந்த ஸ்டாண்டு, முன்னால் கண்ணாடி, பின்னால் பேக்‌ஷீட்: 3 டிகிரி
திறந்த ஸ்டாண்டு, இருபுறமும் கண்ணாடி: 3 டிகிரி
கூரையை ஒட்டிப் பொருத்தியது, இருபுறமும் கண்ணாடி: 1 டிகிரி
பின்புறம் முழுதும் காப்பிட்டு மூடியது, பேக்‌ஷீட்: 0

பலரும் முதல் வரியின் 3-ஐ எடுத்து எல்லாப் பேனலுக்கும் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. செல்லிலிருந்து பின்பக்கமாக வெப்பம் ஓடினால்தான் வித்தியாசமே உண்டாகும். பின்பக்கம் மூடிக் கிடந்தால் வெப்பம் அந்த வழியே போகாது, ஆகவே பின்பரப்பும் செல்லும் ஒரே சூட்டில் நிற்கும். கடைசி வரியில் 0 இருப்பது இதனால்தான். மொட்டை மாடியில் கால் உயர்த்திப் போட்ட ஸ்டாண்டுக்கு 3 பொருந்தும். தகரக் கூரையில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் ரெயிலில் படுக்க வைத்த பேனலுக்கு 3 கூடுதல். 1-இல் தொடங்கி, கீழே சொல்லும் மின்னழுத்த முறையில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இந்த எண்ணை அடுக்குகளின் தடிமனிலிருந்தும் போட்டுப் பார்க்கலாம். 1000 வாட் வெயிலில் பேனல் 900 வாட் அளவுக்கு உறிஞ்சுகிறது, 200 வாட் மின்சாரமாகப் போகிறது, மீதி 700 வாட் வெப்பம். அதில் பாதி, 350 வாட், பின்பக்கம் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குப் பின்னால் 0.45 மி.மீ. இவிஏ, 0.3 மி.மீ. பேக்‌ஷீட். இவற்றின் வெப்பத் தடை (ஒரு ச.மீ.-இல் ஒரு வாட் ஓட எத்தனை டிகிரி வித்தியாசம் வேண்டும் என்பது) முறையே சுமார் 0.0013, 0.0015, கூட்டினால் 0.0028. அதை 350-ஆல் பெருக்கினால் 1 டிகிரிதான் வருகிறது.

3 எங்கே, 1 எங்கே? சென்சாருக்கும் பின்பரப்புக்கும் இடையிலும் கொஞ்சம் சூடு தொலைகிறது. 0.1 மி.மீ. காற்றிடைவெளியின் வெப்பத் தடை 0.0036 அளவு, அதாவது இவிஏயும் பேக்‌ஷீட்டும் சேர்ந்ததைவிட அதிகம். தாள் கனத்துக்கு ஓர் இடைவெளி இருந்தாலே 1.3 டிகிரி காணாமல் போகிறது. எனவே எந்த எண்ணைப் போடுவது என்று யோசிப்பதற்கு முன், சென்சாரை எப்படி ஒட்டுவது என்பதில்தான் மனதைச் செலுத்த வேண்டும்.

சென்சார் தேர்வு

மெல்லிய படல வடிவப் பிடி100 அல்லது பிடி1000 மிகப் பொருத்தம். இவை பிளாட்டினத்தின் மின்தடை மாறுவதை வைத்து வெப்பநிலையைச் சொல்லும் சென்சார்கள். ஏ வகுப்பு வாங்குங்கள். 60 டிகிரியில் அதன் பிழை 0.27 டிகிரிக்குள் இருக்கும். பி வகுப்பில் அது 0.6. தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகளை இணைத்த சென்சார்)தான் கையில் இருக்கிறது என்றால் டி வகை, முதல் வகுப்பு (0.5 டிகிரி). கடையில் எளிதில் கிடைக்கும் கே வகையின் முதல் வகுப்பிலேயே பிழை 1.5 டிகிரி, 3 டிகிரி வித்தியாசத்தைத் தேடும் வேலைக்கு அது உதவாது.

பிடி100-ஐ இரண்டு கம்பியில் இணைக்காதீர்கள். 0.25 ச.மி.மீ. செப்புக் கம்பியில் 10 மீட்டர் இழுத்தால் போகவர 20 மீட்டருக்கு 1.4 ஓம் தடை சேரும். பிடி100-இல் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம். ஆக 3.6 டிகிரி கூடுதலாகக் காட்டும். சென்சாரைக் குளிர்ச்சியாகக் காட்டும் ஒட்டுப் பிழையும், சூடாகக் காட்டும் இந்தக் கம்பிப் பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எண் சரியாக இருப்பதுபோலத் தோன்றுவதும் உண்டு. அப்போதுதான் கண்டுபிடிப்பது கடினம். நான்கு கம்பி இணைப்பு போடுங்கள், குறைந்தது மூன்று. இரண்டு கம்பிதான் முடியும் என்றால் பிடி1000. அதே கம்பியில் பிழை 0.36 டிகிரியாகச் சுருங்கும்.

எந்த இடத்தில் ஒட்டுவது

வரிசையின் ஓரத்தில் உள்ள பேனல் வேண்டாம். காற்று முதலில் படுவது அதன் மேல்தான். நான்கு பக்கமும் பேனல்கள் சூழ்ந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பேனலுக்குள், சட்டத்தை ஒட்டிய செல்களை விட்டுவிட்டு நடுப்பகுதிக்கு வாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய 60, 72 செல் பேனல்களில் ஜங்ஷன் பாக்ஸ் (கம்பிகள் வெளிவரும் பெட்டி) மேல் ஓரத்தில் இருந்தது, நடுப்பகுதி காலியாக இருந்தது. இப்போது வரும் 144 அரைச் செல் பேனல்களில் மூன்று சிறிய பாக்ஸ்கள் சரியாக நடுக்கோட்டில் உட்கார்ந்திருக்கின்றன. பாக்ஸுக்கு நேர் முன்னால் உள்ள செல் வெப்பம் வெளியேறாமல் கூடுதலாகச் சூடாகும். ஆகவே நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று வரிசை தள்ளி, ஒரு செல்லின் நட்ட நடுவில் ஒட்டுங்கள். செல்களுக்கு இடையிலுள்ள வெள்ளைச் சந்தில் ஒட்டினால் குறைவாகக் காட்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது செல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால், முன்னாலிருந்து சட்டத்தின் விளிம்பிலிருந்து அளந்து பின்னால் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம்.

ஒரே சென்சாரை நம்பி முழு நிலையத்துக்கும் கணக்குப் போட வேண்டாம். ஒரே பேனலுக்குள்ளேயே மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் சில டிகிரி வேறுபடும். ஒரு பேனலில் மூன்று இடம், அல்லது வெவ்வேறு பேனல்களில் ஒவ்வொன்று என வைத்து சராசரி எடுப்பது நல்லது.

ஒட்டும் முறை

அதிகாலையிலோ மாலையிலோ, பேனல் ஆறியிருக்கும்போது ஒட்டுங்கள். கொதிக்கும் பேக்‌ஷீட்டில் பசை சரியாகப் பிடிக்காது.

முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து உள்ளங்கை அளவு இடத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். பேக்‌ஷீட்டில் தொட்டால் வெள்ளையாக ஒட்டும் மாவு போன்ற தூசு இருக்கும். அது முழுதும் போக வேண்டும், இல்லையென்றால் டேப் இரண்டு மாதத்தில் உரிந்து வரும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கக் கூடாது, பேக்‌ஷீட் கீறினால் ஈரம் உள்ளே போகும்.

சென்சாரின் முகத்தில் வெப்பப் பசையை மிக மெல்லிசாகத் தடவுங்கள். கடுகளவு போதும். பசையின் வேலை குழிகளை நிரப்புவது. தடித்துப்போனால் அதுவே ஓர் அடுக்காகிவிடும். நிரந்தரமாக வைப்பதென்றால் பசைக்குப் பதில் வெப்பம் கடத்தும் எப்பாக்ஸி. ஒட்டிய பின் சென்சாரை விரலால் அழுத்திப் பிடித்து, மேலே பாலியெஸ்டர் டேப் ஒட்டுங்கள். பவுடர் கோட்டிங் பட்டறைகளில் பயன்படுத்தும் பச்சை டேப்தான் அது. வெயிலையும் சூட்டையும் தாங்கும். சாதாரண செல்லோடேப்பும் மின்சார இன்சுலேஷன் டேப்பும் கோடையில் இளகி வழிந்துவிடும். அலுமினிய டேப்பைப் பலர் போடுகிறார்கள், ஆனால் பளபளப்பான உலோகம் வெப்பத்தைக் கதிராக வெளிவிடாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகும்.

அடுத்தது கம்பி. செப்புக் கம்பி சென்சாரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சென்சாரை ஒட்டிய உடனே கம்பியைத் தொங்கவிட்டால் குறைவாகத்தான் காட்டும். குறைந்தது 10 செ.மீ. கம்பியையும் பேக்‌ஷீட்டின் மேலேயே படுக்க வைத்து டேப் போடுங்கள், கம்பியும் அதே சூட்டில் இருக்கட்டும். பிறகு சட்டத்தில் ஒரு டை போட்டுக் கட்டுங்கள்; காற்றில் ஆடும் கம்பி சென்சாரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துவிடும்.

சென்சாரின் மேல் தெர்மோகோலோ ஃபோமோ வைத்து மூடுவது வேண்டாம். காற்று படாமல் இருக்க என்று செய்யப்படுவது இது. ஆனால் கண்ணாடி வழியே பக்கவாட்டில் வெப்பம் ஓடுவது 1 செ.மீ. அளவுக்குத்தான். 5 செ.மீ. சதுர ஃபோம் வைத்தால் அதன் நேர் உள்ளே இருக்கும் செல் பகுதியே மற்ற இடத்தைவிடச் சூடாகிவிடும். அதன்பின் சென்சார் சொல்வது அந்தப் பகுதியின் சூட்டை, பேனலின் சூட்டை அல்ல.

இருபுறமும் கண்ணாடியுள்ள, பின்பக்கத்திலிருந்தும் ஒளி வாங்கும் பேனல்களில் சென்சாரும் டேப்பும் நிழல் போடும். அங்கே ஆகச் சிறிய சென்சாரைத் தேர்ந்து, கம்பியைச் செல்களுக்கு இடையிலுள்ள சந்து வழியே கொண்டுபோங்கள்.

துப்பாக்கி வெப்பமானி பற்றி

அகச்சிவப்புத் துப்பாக்கியை முன் கண்ணாடியில் காட்டி அளப்பது பரவலாக நடக்கிறது. அதை நம்பாதீர்கள். அது படிக்கும் அலைநீளத்தில் கண்ணாடி ஒளி ஊடுருவாத பொருள், எனவே படிப்பது செல்லை அல்ல, கண்ணாடியின் மேற்பரப்பை. அதுவும் முழுதாக அல்ல: கண்ணாடி சுமார் 12 சதவீதம் வானத்தைப் பிரதிபலிக்கிறது, மேகமில்லாத வானம் அகச்சிவப்பில் உறைநிலைக்கும் கீழே இருக்கும். கண்ணாடி 58 டிகிரியில் இருந்து, கருவி வழக்கமான 0.95 அமைப்பில் (பரப்பு எவ்வளவு வெப்பக் கதிரை வெளிவிடும் என்று கருவிக்குச் சொல்லும் எண்) இருந்தால், தோராயக் கணக்கில் 52, 53 டிகிரி என்றுதான் காட்டும்.

பின்பக்கம் காட்டினால் பரவாயில்லை. அங்கே பிரதிபலிப்பது சூடான தரை. அதன் வெப்பநிலை பேனலுக்கு அருகிலேயே இருப்பதால் பிழை சிறிது. 12:1 விகிதக் கருவி (தூரத்துக்கும் படிக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம்) என்றால் 30 செ.மீ. தூரத்தில் 2.5 செ.மீ. வட்டத்தைப் படிக்கும், ஒரு செல்லுக்குள் அடங்கும். நேராகப் பிடியுங்கள், சாய்த்துப் பிடித்தால் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை ஒட்டி, இரண்டு நிமிடம் கழித்து டேப்பையும் பக்கத்திலுள்ள பேக்‌ஷீட்டையும் படித்து ஒப்பிட்டால் கருவியின் அமைப்பு எவ்வளவு மாற வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆனாலும் இது பேனல்களை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் ஏற்றது. செல் வெப்பநிலைக் கணக்குக்கு ஒட்டிய சென்சார்தான் வேண்டும்.

எப்போது படிப்பது

ஒரு சதுர மீட்டர் பேனலின் வெப்பக் கொள்ளளவில் பெரும்பகுதி கண்ணாடியுடையது. மொத்தம் ஒரு டிகிரிக்கு 9300 ஜூல் அளவு. மிதமான காற்றில் அது புதிய நிலைக்கு மாற 5, 6 நிமிட நேரமாறிலி உண்டு, அதாவது மாற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடிய அவ்வளவு நேரம் ஆகும். மேகம் மறைத்த நொடியில் கதிர்வீச்சுமானி விழுந்துவிடும், பேனல் மெல்லத்தான் ஆறும். அந்த நேரத்தில் இரண்டு எண்களையும் சேர்த்துச் சூத்திரத்தில் போட்டால் விடைக்குப் பொருள் இல்லை. 15 நிமிடமாவது மேகம் தொடாத வெயில் இருந்தபின் படித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்பதிவு என்றால் 5 நிமிடச் சராசரிகளை எடுத்து, அடுத்தடுத்த சராசரிகளில் கதிர்வீச்சு 5 சதவீதத்துக்கு மேல் தாவியவற்றை நீக்கிவிடலாம். கதிர்வீச்சுமானி பேனலின் சாய்விலேயே இருக்க வேண்டும், தரைமட்டமாக அல்ல.

ஓர் உதாரணம்: மொட்டை மாடி, திறந்த ஸ்டாண்டு, பேக்‌ஷீட் பேனல். கதிர்வீச்சு 900, பின்புறம் 58.0 டிகிரி. செல் வெப்பநிலை 58.0 + 0.9 × 3 = 60.7.

பின்புற அளவு நம்பும்படி இருக்கிறதா என்று அறிய சாண்டியாவின் இன்னொரு சமன்பாடு உண்டு: பின்புறம் = காற்றின் வெப்பநிலை + கதிர்வீச்சு × இயற்கை அடுக்கு (−3.56 − 0.075 × காற்றின் வேகம்). வேகம் 10 மீட்டர் உயரத்தில், மீட்டர்/நொடியில். இயற்கை அடுக்கு என்பது கால்குலேட்டரில் உள்ள eˣ. இந்த எண்கள் மேலே உள்ள உதாரணத்தைப் போன்ற திறந்த ஸ்டாண்டு, பேக்‌ஷீட் பேனலுக்கு உரியவை. காற்று 36 டிகிரி, வேகம் 2 என்றால் அடுக்கின் மதிப்பு 0.0245, 900-ஆல் பெருக்கினால் 22, பின்புறம் 58. நீங்கள் அளந்தது இதிலிருந்து 5 டிகிரிக்கு மேல் விலகினால் சென்சாரைப் போய்ப் பாருங்கள். தென்காசி, கயத்தாறு பக்கம் ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் வேகம் 8, 10 என்று போகும். அப்போது அதே வெயிலில் பேனல் 10 டிகிரி வரை குளிர்ந்து கிடப்பது இயல்பு, சென்சார் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் பேனலின் சொந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது

3 என்று எடுத்துக்கொள்வதைவிட நீங்களே அளந்துகொள்வது மேல். செல்லின் உள்ளேயே ஒரு வெப்பமானி இருக்கிறது: திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது பேனலை எதனுடனும் இணைக்காதபோது அதன் முனைகளில் இருக்கும் மின்னழுத்தம். செல் சூடாக ஆக அது ஒரே சீராகக் குறையும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60904-5 தரநிலையின் அடிப்படையும் இதுதான்.

பேனலின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள மின்னழுத்தத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால் விடை கெடும். அந்த எண்ணுக்கு 3 சதவீதம் வரை விலக்கு அனுமதி உண்டு, ஒரு டிகிரிக்கு மாற்றம் 0.27 சதவீதம். ஆக 11 டிகிரி வரை பிழை நுழையலாம். அந்தக் குறிப்பிட்ட பேனலையே அளவீடு செய்ய வேண்டும்.

இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டரையும் (பேனல் பக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்த பிறகே ஒரு பேனலின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஓடும் மின்னோட்டத்தில் கழற்றினால் தீப்பொறி நீளமாக இழுக்கும், வரிசையில் 600 முதல் 1000 வோல்ட் வரை இருக்கலாம். சோதனை முழுதும் அந்த ஒற்றைப் பேனல் திறந்த சுற்றிலேயே இருக்கட்டும்.

பேனலை முன்பக்கம் தடித்த அட்டையோ தெர்மோகோலோ வைத்து ஒளி புகாமல் மூடி, அரை மணி நேரம் விடுங்கள். பேனல் முழுதும் காற்றின் சூட்டுக்கு வந்து, செல்லும் பின்பரப்பும் ஒன்றாகிவிடும். பின்புற வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு மூடியைச் சட்டென்று விலக்கி, முதல் இரண்டு நொடிக்குள் மின்னழுத்தத்தையும் கதிர்வீச்சையும் பதிவு செய்யுங்கள். அதற்குமேல் தாமதித்தால் செல் சூடேறத் தொடங்கிவிடும். உச்சத்தைப் பிடித்து வைக்கும் மீட்டர் இருந்தால் வசதி. பிறகு அரை மணி நேரம் வெயிலில் விட்டு, நிலைத்த பின் பின்புற வெப்பநிலை, மின்னழுத்தம், கதிர்வீச்சு மூன்றையும் படியுங்கள்.

எண்களில் பார்ப்போம். 144 அரைச் செல் பேனல், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்தவை 72. ஸ்டிக்கரில் 49.5 வோல்ட், ஒரு டிகிரிக்கு 0.27 சதவீதம், அதாவது 0.134 வோல்ட். மூடியைத் திறந்ததும்: 34.0 டிகிரி, 880 வாட், 47.70 வோல்ட். நிலைத்த பின்: பின்புறம் 62.4 டிகிரி, 860 வாட், 43.46 வோல்ட். கதிர்வீச்சு ஒரு சதவீதம் மாறினால் 72 செல் பேனலில் 0.02 வோல்ட் மாறும். 880-க்குத் திருத்தினால் 43.51. வீழ்ச்சி 4.19 வோல்ட், 0.134-ஆல் வகுத்தால் 31.3 டிகிரி. செல் 65.3-இல் இருக்கிறது. வித்தியாசம் 2.9; 1000 வாட்டுக்கு 3.4.

இது திறந்த சுற்றில். மின்சாரம் எடுக்காததால் 700-க்குப் பதில் 900 வாட்டும் வெப்பமாகவே போனது. ஓடும் பேனலுக்கு 0.78-ஆல் பெருக்குங்கள்: 2.6. சூத்திரத்தில் 3-க்குப் பதில் இனி இதைப் போடலாம். ஸ்டிக்கர் எண்ணை வைத்து இதே கணக்கைப் போட்டிருந்தால் செல் 67.8 டிகிரி என்றும், வித்தியாசம் 5-க்கு மேல் என்றும் வந்திருக்கும்.

மீதமுள்ள பலவீனம் அந்த 0.27 சதவீதம். அது 0.26 ஆக இருந்தாலே விடை 1 டிகிரிக்கு மேல் நகரும். இதையும் விலக்க வேண்டுமென்றால் சூடான நிலையிலும் ஓர் அளவீடு எடுங்கள்: பேனல் நன்றாகக் காய்ந்திருக்கும்போது முன்னும் பின்னும் தெர்மோகோல் பலகையால் முழுதுமாக மூடி, ஒரு நிமிடம் விடுங்கள். இரு பக்கமும் வெப்பம் வெளியேற வழியில்லாததால் உள்ளடுக்குகள் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். முன்பலகையை மட்டும் விலக்கி உடனே படியுங்கள். குளிர்ந்த புள்ளி ஒன்று, சூடான புள்ளி ஒன்று. இரண்டுக்கும் இடையிலான சரிவுதான் உங்கள் பேனலின் உண்மையான எண். பின்பக்கம் பாதியை மட்டும் மூடிச் செய்தால் பலனில்லை, மின்னழுத்தம் காட்டுவது எல்லாச் செல்களின் சராசரியை. அதனால் இந்தச் சோதனையின்போது பின்னால் மூன்று நான்கு சென்சாராவது இருக்க வேண்டும்.

பராமரிப்பு

ஒட்டு விட்டுப்போன சென்சார் பகலில் சில டிகிரி குறைவாகக் காட்டும். பிசகு மெதுவாக வருவதால் வரைபடத்தில் கண்ணுக்குப் படாது. விடிவதற்கு முன் எல்லாச் சென்சார்களின் எண்களையும் ஒப்பிடுங்கள்: ஒரே மாதிரிப் பேனல்களில் அவை அரை டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும், தெளிந்த வானத்தில் காற்றைவிட ஓரிரு டிகிரி குறைந்திருப்பதும் இயல்பே. விடிகாலையில் ஒத்துப்போய், உச்சி வெயிலில் மட்டும் ஒன்று பின்தங்கினால் சென்சாரில் குறையில்லை, ஒட்டில்தான் குறை. விடிகாலையிலேயே ஒன்று மட்டும் தள்ளி நின்றால் கம்பி இணைப்பைப் பாருங்கள், பெரும்பாலும் டெர்மினலில் பச்சை பூத்திருக்கும். மழைக்காலம் முடிந்ததும் எல்லா டேப்பையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, நுனி தூக்கியிருந்தால் பழைய பசையை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். மேலே மேலே டேப் போட்டு அழுத்தினால் உள்ளே உள்ள காற்றிடைவெளி அப்படியே இருக்கும்.